பன்னிரண்டாவது குழி

மேகலா டீச்சர் அந்தப் பெட்டியை ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் வைக்க இடமிருக்கிறது மேடம் என்று ஆட்டோக்காரர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரிட்ஜ் சாலையின் பள்ளம் மேடு அத்தனையையும் அவள் தொடைகள் வாங்கிக்கொண்டன. கைக்குழந்தையைக்கூட யாரும் இவ்வளவு பயந்து பயந்து தூக்கி வந்திருக்க மாட்டார்கள்.

பயப்படக் காரணம் இருந்தது. பெட்டியைக் கொடுத்த ராவத் மேடம் அப்படிப்பட்டவர். கார்வால் மலையிலிருந்து டில்லிக்கு வந்து முப்பது வருஷமாகிறது. இயற்கைக் கல்வி மையத்தின் பெட்டி நூலகம் அவர் பொறுப்பு. புத்தகம் எடுப்பதுபோல ஆசிரியர்கள் அங்கே பெட்டி எடுக்கலாம். விதைப் பெட்டி, கூட்டுப் பெட்டி, பூச்சிப் பெட்டி, குளத்துப் பெட்டி என்று பதினைந்து வகை. ஒரு பள்ளிக்கு ஒரு பச்சை அட்டை, பத்து நாள் தவணை. எடுத்தது எடுத்தபடி திரும்பி வரவேண்டும். ஒரு சாமான் கெட்டாலும் அட்டை ரத்து, ஒரு வருஷத்துக்கு அந்தப் பள்ளிக்காரர்கள் வாசற்படி மிதிக்க முடியாது. போன வருஷம் ஒரு பெரிய ஆங்கிலப் பள்ளி ஒரே ஒரு தூக்கணாங்குருவிக் கூட்டை நசுக்கிவிட்டது. பிரின்சிபால் நேரில் வந்து கெஞ்சியும் அட்டை திரும்பக் கிடைக்கவில்லையாம்.

மேகலா எடுத்தது தடப் பெட்டி. பச்சைத் தகரப் பெட்டிக்குள் கறுப்பு ஸ்பாஞ்ச், அதில் வெட்டிய பன்னிரண்டு குழிகள், குழிக்குள் வெள்ளை வெளேரென்று மிருகங்களின் கால்கள். டில்லிக்கு நடுவே இருக்கும் ரிட்ஜ் காட்டின் சேற்றிலும் புழுதியிலும் பதிந்திருந்த தடங்களில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தவை. குள்ளநரி, தெருநாய், கீரி, முள்ளம்பன்றி, முயல், உடும்பு, மயில், நீல்காய் மான் என்று. நிஜமான உள்ளங்கால் மாதிரியே சதைத் திரட்டு மேடாகத் தெரியும். மணலில் அமுக்கினால் அந்த மிருகமே நடந்துபோன மாதிரி தடம் விழும். அதற்கென்று ஒரு தட்டும் ஒரு பை மெல்லிய மணலும் ஆறு பூதக்கண்ணாடிகளும் கூடவே இருந்தன.

பன்னிரண்டாவது குழி மட்டும் காலி. மேகலா அதைச் சுட்டிக்காட்டியபோது ராவத் மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"தொலைந்துபோகவில்லை. கிடைக்கவே இல்லை" என்றார் இந்தியில். "மரநாய். வாழைப்பழம், இலந்தைப்பழம் என்றால் உயிரை விடும். ராத்திரியில் மரத்துக்கு மரம் போய்விடும், தரையில் கால் வைத்தாலும் கல்லில்தான் வைக்கும். எட்டு வருஷமாகத் தேடுகிறேன். ரெஜிஸ்டரில் பதினொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்."

மேகலா போட்டாள்.

அவள் வேலை பார்த்தது மந்திர் மார்க்கைத் தாண்டி, காட்டுச் சுவரை ஒட்டி நிற்கும் தாமரை தமிழ்த் தொடக்கப் பள்ளியில். ஐந்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். பாதிப் பேரின் அப்பாக்கள் ஆபீஸில் கிளார்க்குகள், பாதிப் பேரின் அம்மாக்கள் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஒரே ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒற்றுமை. மைதானத்தில் இந்தியில் வெளுத்து வாங்குவார்கள், தமிழ்ப் பாடம் என்றால் வாயில் கொழுக்கட்டை. மேகலா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், மிட்டாய் கொடுத்தும் பார்த்தாள். மிட்டாய்தான் தீர்ந்தது.

தடப் பெட்டி வந்த அன்று மத்தியானம் அந்தக் கொழுக்கட்டை காணாமல்போயிற்று. குள்ளநரிக் காலையும் தெருநாய்க் காலையும் பக்கத்தில் பக்கத்தில் அமுக்கிவிட்டு எது எதுவென்று கேட்டாள். வகுப்பே எழுந்து நின்றது. பூங்கோதை என்று ஒரு பெண், சேர்ந்த நாளிலிருந்து "பிரசென்ட் மிஸ்" தவிர வேறெதுவும் பேசாதவள், மணல் தட்டின்மேல் மூக்கு படும்படி குனிந்தாள். "மிஸ், இதுக்கு நடு விரல் ரெண்டும் சேந்து சேந்து இருக்கு. இதான் நரி. பக்கா" என்றாள். இதற்காக மூன்று வருஷம் காத்திருந்தோம் என்று மேகலா நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒவ்வொரு சாயங்காலமும் மணல் தட்டைத் தோட்டத்தில் வைத்துவிட்டுப் போய், காலையில் ஓடிவந்து பார்ப்பது வழக்கமாயிற்று. முதல் நாள் புறா. இரண்டாம் நாள் பூனை. மூன்றாம் நாள் வாட்ச்மேன் மாசிலாமணியின் செருப்பு. நான்காம் நாள் புலி வந்திருந்தது, ஆனால் முத்துவின் முஷ்டியில் மணல் ஒட்டியிருந்ததால் புலி யாரென்று சீக்கிரமே தெரிந்துபோயிற்று.

டிசம்பரில் குளத்துப் பெட்டி. அதை எடுக்கும் பள்ளிக்கு ராவத் மேடமே பஸ் பிடித்து, குழந்தைகளை யமுனைக் கரைக்கு அழைத்துப்போய் வெளிநாட்டு வாத்துகளைக் காட்டுவார். மேகலா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வகுப்பில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து முப்பத்தெட்டுப் பேரும் காலண்டரில் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பச்சை அட்டையை அவள் தன் பர்ஸில் வைத்திருந்தாள், மெட்ரோ கார்டுக்கு முன்னால்.

தவணை முடிவது வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்கு ராவத் மேடமே ஜீப்பில் வந்து வாங்கிக்கொண்டு, கரோல்பாக்கில் காத்திருக்கும் இன்னொரு பள்ளிக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. புதன்கிழமை சரஸ்வதி பூஜையன்று மேகலாவை வேறொரு பள்ளியில் நடந்த பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். வியாழன் விஜயதசமி, விடுமுறை. வெள்ளி காலை ஏழரைக்கே வந்து பீரோவைத் திறந்தாள். உள்ளே பெட்டி இல்லை.

ஹாலில் இருந்தது.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் பச்சைப் பட்டுத்துணி விரித்து, புத்தகங்கள், பள்ளி மணி, டைப் மெஷின், மாசிலாமணியின் லத்தி எல்லாம் அடுக்கியிருந்தார்கள். அவற்றுக்கு முன்வரிசையில் பதினொரு பிளாஸ்டர் கால்கள். ஒவ்வொன்றுக்கும் முழுதாக மஞ்சள் பூசி, சந்தனம் வைத்து, விரலுக்கு விரல் குங்குமம் இட்டு, தலைக்கொரு சாமந்தி. குள்ளநரி புதுப் பெண்ணைப் போல இருந்தது.

"அருக்காணியக்கா!" என்று மேகலா போட்ட சத்தத்தில் ஹால் ஜன்னலிலிருந்த புறாக்கள் பறந்தன.

அருக்காணி பள்ளியின் ஆயா. ஈரோட்டுப் பக்கம். பள்ளிக்குப் பின்னாலேயே ஒரு அறையில் குடியிருக்கிறாள். பத்து வருஷமாகப் பூஜை வேலையெல்லாம் அவள் கைதான். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏனுங்க டீச்சர், பொளுது விடிஞ்சும் விடியாம இந்தச் சத்தம் போடறீங்க?"

"இதுக்கு யாரு மஞ்சள் பூசினது?"

"நாந்தானுங்க. ஆயுத பூசைக்கு சாமானமெல்லாம் எடுத்து வெய்யின்னு பெரிய சாரு சொன்னாருங்க. பீரோவத் தொறந்தா பாதம் பாதமா இருக்குது. பாதத்தப் போயி பூச பண்ணாம இருட்டுல பூட்டி வெக்கறதுங்களா?"

"அக்கா, அதெல்லாம் மிருகத்தோட கால்!"

"அது எனக்குத் தெரியாதுங்களா? மயிலு முருகனுக்கு, நாயி பைரவருக்கு, எல்லாம் சாமி வாகனந்தானுங்க. நரியும் கீரியும் யாரோடதுன்னு தெரியல. இருந்தாலும் அதுகள மட்டும் உட்டுப்புட்டா மனசு சங்கடப்படுமில்லீங்க?"

மேகலா குள்ளநரியைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். குங்குமம் கரைந்தது, மஞ்சள் போகவில்லை. பிளாஸ்டர் அதைக் குடித்துவிட்டிருந்தது. சோப்பை எடுத்துத் தேய்த்தாள். மஞ்சளோடு சுண்ணாம்பு மாதிரிக் காரம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது ஆரத்தி கரைத்த எவருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும், பதற்றத்தில் மறந்துவிட்டாள். மஞ்சள் நரி கண்ணெதிரே சிவப்பு நரியாகிவிட்டது. அருக்காணி செய்ததையாவது பக்தி என்று சொல்லலாம். தான் செய்ததற்கு ஒரு பெயரும் இல்லை என்று மேகலாவுக்கு அழுகை வந்தது.

தலைமையாசிரியர் வெங்கட்ராமன் எட்டரைக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் வெளியாள் யாராவது பள்ளிக்குள் வருகிறார் என்றால் அவருக்குக் கை கால் ஓடாது.

"நான்தானே கற்பூரம் காட்டினேன். எனக்கெப்படித் தெரியாமப் போச்சு?" என்று ஆச்சரியப்பட்டார்.

"உங்க கண்ணாடியையும் பூசையில வெச்சுட்டீங்களேங்க" என்றாள் அருக்காணி.

உண்மை. படிக்கிறவனுக்குக் கண்ணாடியும் ஆயுதம்தான் என்று அதையும் சரஸ்வதி முன்னால் வைத்துவிட்டு, விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாதென்று ஒன்றரை நாள் சுவரைத் தடவிக்கொண்டு நடந்திருந்தார். அவர் கண்ணுக்குக் கால்களெல்லாம் மஞ்சள் கொழுக்கட்டையாகத் தெரிந்திருக்கின்றன.

"மேலே ஒரு கோட்டிங் வெள்ளைப் பெயின்ட் அடிச்சுட்டா என்னம்மா?"

"அடிச்சா நுணுக்க வரியெல்லாம் மூடிப்போயிடும் சார். அதுக்குக் கறையே தேவலை. நான் உள்ளதைச் சொல்லிடறேன்."

"சொன்னா அட்டையை வாங்கிப்பாளே!"

"வாங்கிப்பாங்க சார்."

வெங்கட்ராமன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். அப்புறம் அவரால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்தார். "இடமாவது சுத்தமா இருக்கட்டும். அருக்காணி, ஹால், பின் வராந்தா எல்லாம் ஜல்தியாப் பெருக்கித் தள்ளு. வராந்தா பூரா மாவு கொட்டிக் கிடக்கு பார்."

அது கொட்டிக் கிடந்த மாவு அல்ல. முந்தின நாள் சாயங்காலம் விஜயதசமிப் பூஜையை முடித்துவிட்டு, அருக்காணி பின் வராந்தா நீளத்துக்கும் பச்சரிசி மாவை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பியிருந்தாள். கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து கிருஷ்ணன் பாதம் போட்டு உள்ளே அழைப்பதில்லையா? அதேபோல வாகனங்களையும் அழைத்துவிட வேண்டியதுதான் என்று, பதினொரு கால்களையும் வரிசையாக மாவில் அமுக்கி, ஹால் வரைக்கும் நடக்க வைத்து, மாவைத் தட்டிவிட்டுப் புதுசாகக் குங்குமம் இட்டுப் பழைய இடத்தில் வைத்திருந்தாள். குழந்தைகள் மணலில் அமுக்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். படியோரம் அவற்றுக்கு நைவேத்தியமாக ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு.

அவள் துடைப்பத்தோடு வராந்தாவுக்குப் போனபோது ஐந்தாம் வகுப்பு வந்து சேர்ந்துவிட்டது. மாவைப் பார்த்ததும் அத்தனை பேரும் புத்தகப்பையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்தார்கள். மயில், முயல், உடும்பு என்று ஆளுக்கொரு பெயர் கத்தினார்கள்.

"எந்திரிங்க சாமி, பெருக்கோணும்" என்றாள் அருக்காணி.

"மிஸ்!" பூங்கோதையின் குரல் வராந்தா மூலையிலிருந்து வந்தது. "இது பெட்டியில இல்லாதது!"

மேகலா ஹாலிலிருந்து சிவப்பு நரியும் கையுமாக வந்தாள். படியிலிருந்து ஏறி, மாவின் ஓரமாகப் போய், பழம் வைத்த இடத்தில் திரும்பி, ஒரு வரிசைத் தடம். சின்னச் சின்னது, உருண்டையாக.

"பூனைடா அது" என்றான் முத்து.

"பூனைக்கு நாலு விரல்தானே? இதுக்கு அஞ்சு. எண்ணிப் பாரு."

"அப்ப கீரி."

"கீரிக்கு நகம் முன்னாடி தனியாக் குத்தும். இதுல நகமே இல்லை. குரங்குன்னா கை மாதிரி நீட்டமா இருக்கும்."

இரண்டு வாரத்துக்கு முன்னால் வாயைத் திறக்காத பெண் இவள். மேகலா மெதுவாக அருக்காணி பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது நீங்க அமுக்குனதா?"

"இல்லீங்க டீச்சர். நான் நடுவால நேர்கோடா, பதினொண்ணுதான் அமுக்குனனுங்க. மேல கால் படக்கூடாதுன்னு ஓரத்துல எடம் உட்டு வெச்சேன். இது அந்த எடத்துல நடந்திருக்குது." அருக்காணி படியோரம் பார்த்தாள். சீப்பில் நாலு பழம் காணவில்லை. தோல் கிழிந்து கிடந்தது. அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கூப்புட்டதுக்கு ஒண்ணு வந்திருச்சுங்களே!"

வெளியே ஜீப் வந்து நின்றது.

ராவத் மேடம் ரெஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தார். மேகலா எதையும் சுற்றி வளைக்கவில்லை. சிவப்பு நரியை இரண்டு கையாலும் நீட்டினாள். பூஜையைச் சொன்னாள், மஞ்சளைச் சொன்னாள், சோப்பு தன் வேலை என்பதையும் சொன்னாள். வெங்கட்ராமன் பின்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ராவத் மேடம் நரியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று மேகலா எதிர்பார்த்திருந்தாள். வந்தது கோபமில்லை. அவர் முகம் வாடிப்போயிற்று. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இதற்காக மழையில் நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். அந்த நரி இப்போது இல்லை. சாலையில் அடிபட்டுவிட்டது" என்றார். பிறகு கையை நீட்டினார். "அட்டை."

மேகலா பர்ஸைத் திறந்து பச்சை அட்டையை எடுத்தாள். வராந்தாப் பக்கம் முப்பத்தெட்டுத் தலைகள் கதவிடுக்கில் தெரிந்தன. யமுனையும் வாத்தும் போச்சு என்று அந்த முகங்களிலேயே எழுதியிருந்தது. அட்டையைக் கொடுத்துவிட்டாள்.

"மேடம், ரூல் ரூல்தான். ஆனா பின்னாடி வந்து ஒண்ணைப் பாத்துட்டுப் போங்க. பெரிசா ஒண்ணுமில்லைன்னாலும் பரவாயில்லை."

குழந்தைகள் வழிவிட்டார்கள். பூங்கோதை மட்டும் தடத்துக்குக் காவலாகக் கையை விரித்துக்கொண்டு நின்றாள். ராவத் மேடம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். அப்புறம் மண்டியிட்டார். அப்புறம், அறுபதை நெருங்கும் அந்த அம்மாள், வெளுத்த காட்டன் புடவையோடு, தரையில் குப்புறவே படுத்துவிட்டார்.

"யாரும் மூச்சு விடாதீர்கள்" என்றார். "ஹால் ஃபேனை நிறுத்துங்கள். நிறுத்துங்கள்!"

வெங்கட்ராமன் ஓடிப்போய் நிறுத்தினார்.

"அஞ்சு விரல் மேடம்" என்றாள் பூங்கோதை இந்தியில். "நகம் இல்லை. கீரி கிடையாது."

"கிடையாது" என்றார் ராவத் மேடம். "நீ சொல்வது சரி, கீரி கிடையாது."

டிரைவர் ஜீப்பிலிருந்து பிளாஸ்டர் டப்பாவைக் கொண்டுவந்தார். கரோல்பாக் பள்ளிக்குப் போன் போயிற்று, இன்று வரமுடியாது, ஏனென்று நாளைக்குச் சொல்கிறேன் என்று. தெளிவாக விழுந்திருந்த ஒரு தடத்தைச் சுற்றி அட்டை வளையம் வைத்து, ராவத் மேடம் பிளாஸ்டரை ஸ்பூன் ஸ்பூனாக விட்டார். அது இறுகும் வரை அரைமணி நேரம் அந்த வராந்தாவில் முப்பத்தெட்டுக் குழந்தைகள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெங்கட்ராமன் தன் பதினெட்டு வருஷ சர்வீஸில் அப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை.

எடுத்துத் திருப்பியபோது அடியில் அரிசி மாவு ஒட்டிக்கொண்டு, வெள்ளையில் வெள்ளையாக, ஐந்து உருண்டை விரல்களும் ஒரு அகலமான திரட்டும் இருந்தன. மரநாய். அருக்காணியின் கை பழக்க தோஷத்தில் இடுப்பில் செருகியிருந்த குங்குமப் பொட்டலத்துக்குப் போயிற்று. மேகலா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ராவத் மேடம் மரநாயைத் தன் கையாலேயே பன்னிரண்டாவது குழியில் வைத்தார். பிறகு ரெஜிஸ்டரை மடியில் விரித்து, பென்சிலால் எழுதினார். மேகலா எட்டிப் பார்த்தாள். கொடுத்தது பதினொன்று. திரும்பியது பன்னிரண்டு. சேதம் என்ற இடத்தில், ஒன்றையும் விடாமல், பதினொன்றிலும் மஞ்சள், குங்குமம், ஒன்றில் சோப்பு. அவர் ராவத் மேடம்தானே, அதை எப்படி எழுதாமல் விடுவார்?

"எட்டு வருஷம் நான் காட்டுக்குள் புழுதியைச் சலித்துச் சலித்துப் போட்டேன்" என்றார் அவர், மேகலாவிடமில்லை, அருக்காணியிடம். "பக்கத்தில் பழம் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை."

இந்தி அருக்காணிக்குப் பாதிதான் புரியும். "பசியா வருமுங்களே" என்று தமிழில் பதில் சொன்னாள். மேகலா அதை இந்தியில் சொன்னாள். ராவத் மேடம் சிரித்தது அன்றைக்கு அதுதான் முதல் தடவை.

பச்சை அட்டையை அவர் மேகலாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"டிசம்பர் ஆறாம் தேதி குளத்துப் பெட்டி. ஒரு நிபந்தனை இருக்கிறது. யமுனைக்குப் போகிற பஸ்ஸில் இந்த அம்மாவும் வரவேண்டும். மாவோடு. அங்கே நீர்நாய் இருப்பதாகச் சொல்கிறார்கள், யாரும் தடம் பார்த்ததில்லை."

மேகலா அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் வராந்தாவில் கிளம்பிய கூச்சலில் மாவெல்லாம் பறந்தது. அருக்காணி மட்டும் கூச்சல் போடவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"டீச்சர், அதையும் கேட்டுச் சொல்லுங்க. நீர்நாய்க்கு வாளப்பளம் புடிக்குமுங்களா, இல்ல மீன் வாங்கோணுமா?"